கண்டம் பண்ணின ஷோகேஸை மீட்ட கதை

எங்க ஊர் மியூசியத்துல ஓலைச்சுவடியும் பழைய ஈயக் காசும் வச்சு ஒரு தற்காலிக கண்காட்சி, டிசைன் என் பொறுப்பு. முடிஞ்சதும் குப்பைக்கு எதுவும் போகக்கூடாது, அதான் கணக்கு. பிளான், கியூரேட்டர் ஓகே எல்லாம் மளமளன்னு முடிஞ்சுது.

அப்புறம்தான் கூத்து. குடோன்ல அருமையான தேக்கு ஷோகேஸ் கிடக்கு, கண்ணாடி மாத்தினா போதும், ஆனா அதெல்லாம் கண்டம் லிஸ்ட்ல, அதாவது இனி உதவாதுன்னு கழிச்ச சாமான் பட்டியல்ல ஏறி ஏலத்துக்கு நிக்குதாம். செக்ஷன்ல இருந்தவர் "கண்டம் பண்ணின சாமானை எப்படி மேடம் திருப்பி எடுக்கிறது, ஆடிட்ல கேட்டா நானா பதில் சொல்றது, புதுசுக்கு மூணு கொட்டேஷன் கொண்டாங்க உடனே போட்டுத் தர்றேன்"ங்கறார். புதுசு வாங்க ஒரு கையெழுத்து, பழசைத் தொட ஊர்ப்பட்ட கையெழுத்து! ஏலம் இன்னும் நடக்கலங்கறதைப் பிடிச்சுக்கிட்டு, லிஸ்ட்லருந்து நீக்கச் சொல்லி லெட்டர் குடுத்து, ரிப்பேர் செலவுன்னு ஃபைல் போட்ட பிறகுதான் நகர்ந்துச்சு. டிசைனைத் தொடறதுக்கு முன்னாடியே ஸ்டாக் ரிஜிஸ்டரைப் பாத்துடுங்க.

அடுத்தது பேனர். ஃபிளெக்ஸ் வேணாம், காட்டன்லதான் பிரிண்ட்னு தெளிவா ஆர்டர்ல எழுதியிருந்தேன். வந்த துணி ஒரு மாதிரி வழவழன்னு இருந்துச்சு, ஓரத்துல ஒரு நூலை உருவி தீக்குச்சில காட்டினா உருகி கறுப்பு மணியா சுருண்டுக்கிச்சு. அசல் காட்டன்னா காகிதம் எரியற வாசனையோட சாம்பலாயிடும். கடைக்காரர் "லைட்டா மிக்ஸிங் இருக்கும்"னு இழுத்தார், அத்தனையும் திருப்பி அனுப்பிட்டேன். முழுப் பணத்தையும் அட்வான்ஸா குடுத்துடாதீங்க.

பழசுன்னாலே நல்லதுன்னும் நினைச்சுடாதீங்க. மரம், பிளைவுட், எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செஞ்ச பலகை) எல்லாமே ஆசிட் ஆவி விடும், மூடின பெட்டிக்குள்ள ஈயக் காசு வெள்ளைப் பொடியா உதிர ஆரம்பிச்சுடும். தேக்கும் விதிவிலக்கில்ல, அதனால உள்பக்கம் பூரா அலுமினிய ஃபாயில் வச்ச தடுப்பு ஷீட் ஒட்டினோம். ஒரு பொருள் இப்படி ஆவி விட்டு உலோகத்தைக் கெடுக்குமான்னு பாக்க, நேரம் இருந்தா ஆடி டெஸ்ட் (Oddy test) பண்ணிடுங்க: வெள்ளி, செம்பு, ஈயத் துண்டோட அந்தப் பொருளையும் துளி தண்ணியையும் மூடின கண்ணாடிக் குடுவைல போட்டு 60 டிகிரில 28 நாள் வைக்கணும்.

சுவடிக்கு வெளிச்சம் 50 லக்ஸ் (வெளிச்சத்தோட அளவு) போதும், எல்இடிதான், அதுல ஒரு தகராறும் இல்ல. ஏசி மட்டும் ராத்திரி பகலா 20 டிகிரில ஓடணும்னு ஒருத்தர் அடம் பிடிச்சார், பெரிய மியூசியங்களோட தலைவர்கள் சேர்ந்து போட்ட பிசோட் கிரீன் ப்ரோட்டோகால்ங்கற வழிகாட்டில பெரும்பாலான பொருளுக்கு 16லருந்து 25 டிகிரி, ஈரப்பதம் 40லருந்து 60 சதவீதம்னு இருக்கறதை பிரிண்ட் எடுத்து நீட்டினதும் கப்சிப்.

கண்காட்சி முடிஞ்சு பிரிச்சப்ப, பசையே போடாம ஸ்க்ரூல நிக்க வச்சிருந்ததால பேனல் ஒண்ணுகூட உடையல. ஆசாரியோட ரிப்பேர் பில்தான் இன்னும் பாஸ் ஆகல, பழைய சாமானுக்கு எதுக்கு இவ்வளவு செலவுன்னு இப்ப கேக்கறாங்க.