ஆயிரம் பொரி

1986-ல் பிளஸ் ஒன் படிக்கும்போது ஏற்காட்டுக்குப் போனோமே, அந்த பஸ்ஸில் வந்தவர்கள் யாராவது இந்த மலரைப் படிக்கிறீர்களா? சேலம் வெயிலில் கிளம்பி, 20 கொண்டை ஊசி வளைவும் தாண்டுவதற்குள் பாதிப் பேர் வாந்தி எடுத்து, ஒரு வழியாகக் காப்பித் தோட்டத்து ஓரம் சில்வர் ஓக் நிழலில் உட்கார்ந்ததும், விலங்கியல் சார் மஞ்சப்பையிலிருந்து பொரியை எடுத்தார். தின்னத்தான் என்று நினைத்தோம். பத்துப் பேரை ஆளுக்கு நூறு எண்ணச் சொன்னார்.

ஒன்றை ஒன்று தின்னும் உணவுச் சங்கிலியை நடித்துக் காட்டத்தான் அது. அந்த ஆயிரமும் இலை, அதாவது இலை வெயிலிலிருந்து பிடித்து வைத்த ஆற்றல். அதில் நூறுதான் வெட்டுக்கிளிக்குப் போனது. தவளைக்குப் பத்து, பாம்புக்கு ஒன்று. நான் பருந்து. பாம்பின் பொரியைச் சார் நகத்தால் கிள்ளி ஒரு துணுக்கை என் உள்ளங்கையில் வைத்தார், மலைக்காற்றில் அதுவும் பறந்துபோனது.

"மீதியெல்லாம் எங்கே சார்?"

"கழுத்தைத் தொட்டுப் பாருடா."

ஓடியாடிய உடம்பு, அந்தக் குளிரிலும் கதகதவென்று இருந்தது. தின்றதில் பெரும்பகுதி மூச்சுவிடவும் நடக்கவும் செலவாகிச் சூடாகவே வெளியே போய்விடுகிறது, போன சூட்டை எந்த இலையாலும் திரும்பப் பிடிக்க முடியாது என்றார். சரி, தின்னாமல் விட்டது, சாணம், செத்தது? காலால் சருகை விலக்கிக் காட்டினார். அடியில் வெள்ளை நூல் மாதிரி பூஞ்சை, கொஞ்சம் கறையான். அவையும் தங்கள் பங்கைத் தின்று சூடாக விட்டுவிடும், சத்து மட்டும் மண்ணுக்குத் திரும்பி மறுபடி காப்பிச் செடிக்குப் போகும். சத்து சுற்றி வரும், ஆற்றல் சுற்றாது. பரீட்சைக்கு நான் இதைத் தனியாகப் படிக்கவே இல்லை.

ஒவ்வொரு படியிலும் பத்தில் ஒன்றுதான் மேலே போகும் என்பது கறாரான கணக்கு இல்லை, இடத்துக்கு இடம் கூடும் குறையும் என்பதெல்லாம் அப்புறம் தெரிந்தது. இந்தக் கணக்கை முதலில் போட்டவர்களில் முக்கியமானவர் அமெரிக்கச் சூழலியலாளர் ரேமண்ட் லிண்ட்மன். பாசியிலிருந்து மீன் வரை ஒரு சின்ன ஏரியில் அளந்து பார்த்தவர், 1942-ல் அதைப் பற்றி எழுதிய கட்டுரை அச்சாவதற்குள் 26 வயதிலேயே இறந்துபோனார். அவர் அளந்த அந்த சீடர் பாக் ஏரி, நான் இப்போது இருக்கும் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில்தான் இருக்கிறது.

சாரை அங்கே கூட்டிப்போய், பொரி வாங்கி, இந்த முறை ஆயிரத்தையும் நானே எண்ணித் தர வேண்டும் என்று ஆசை. சார் இப்போது எங்கே இருக்கிறார் என்று தெரிந்தவர்கள் எனக்கு எழுதுங்கள்.