ஈயின் முதுகைக் காட்டுங்கள்

காலையில் போனைத் திறந்தால் நாலைந்து படங்களாவது வந்து கிடக்கும். தக்காளி இலை, ஆமணக்கு இலை, கறிவேப்பிலைக் கொத்து. ஓரத்தில் எங்காவது சாம்பல் நிறத்தில் ஓர் ஈ. கூடவே கேள்வி: "சார், இது என்ன ஈ? மருந்து அடிக்கணுமா?" இதற்குப் பதில் சொல்வதே என் வேலையில் பாதி.

நான் வேலை கற்றது பட்டுப்புழு வளர்ப்பில். அங்கே ஒட்டுண்ணி ஈ என்றால் ஊசி ஈதான், எக்ஸோரிஸ்டா பாம்பிசிஸ். 1980-இல் மேற்கு வங்கத்திலிருந்து கர்நாடகத்துக்கு வந்து, அப்புறம் நம் பக்கமும் பரவியது. பட்டுப்புழுவின் மேல் குண்டூசி முனை அளவுக்கு ஒரு வெள்ளை முட்டை ஒட்டியிருக்கும். இரண்டு மூன்று நாளில் பொரிந்து, ஈயின் புழு தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். போன இடத்தில் கறுப்புத் தழும்பு விழும். கடைசிப் பருவத்தில் தாக்கினால் பட்டுக்கூட்டையே ஓட்டை போட்டு வெளியே வரும். அந்தக் கூட்டில் நூல் எடுக்க முடியாது. வலையெல்லாம் கட்டியும் தட்டில் அந்தத் தழும்பைப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் உட்கார்ந்துவிட்ட விவசாயிகளை எனக்குத் தெரியும்.

அந்தக் கண்ணோடுதான் தோட்டத்துப் படங்களையும் பார்த்தேன். ஒரு அம்மா மாடித்தோட்டத்திலிருந்து படம் அனுப்பினார். முதுகில் கோடு போட்ட ஈ. ஊசி ஈ, விடாதீர்கள் என்று உடனே எழுதிவிட்டேன். அவரும் கடையில் மருந்து வாங்கி செடி முழுக்க அடித்துவிட்டார். இரண்டு வாரம் கழித்து இன்னொரு படம் வந்தது. அதே தக்காளிச் செடியில் பிடித்து பாட்டிலில் போட்டுவைத்த, இலை தின்னும் புரொடீனியா புழு செத்துச் சுருங்கிக் கிடந்தது. பக்கத்தில் மாத்திரை போல ஒரு பழுப்புக் கூடு, அதிலிருந்து வந்த ஈ. "தம்பி, இலையைத் தின்ன புழுவைக் கொன்னது இந்த ஈதானே? இதையா நான் மருந்தடிச்சுக் கொன்னேன்?" என்று கேட்டிருந்தார். அன்றைக்கு முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை.

இப்போதெல்லாம் அவசரப்படுவதில்லை. இறைச்சி ஈயும் சாம்பல் நிறம்தான், அதன் முதுகிலும் மூன்று கறுப்புக் கோடுகள் உண்டு. மேலிருந்து எடுத்த ஒரே படத்தில் ஏமாந்துவிடலாம். ஊசி ஈயும், அந்த அம்மாவின் பாட்டிலில் வந்த ஈயும் டாக்கினிட் என்ற ஒட்டுண்ணி ஈக் குடும்பத்தைச் சேர்ந்தவை. டாக்கினிட் ஈக்கு நெஞ்சுப் பகுதியின் பின்முனையில் ஒரு சின்ன தட்டு இருக்கும். அதற்கு அடியில் இன்னொரு மேடு புடைத்துக்கொண்டு நிற்கும். அந்த மேடு பக்கவாட்டில் எடுத்த படத்தில்தான் தெரியும். வயிற்றின் நுனியில் முள் மாதிரி விறைத்த மயிர்களும் பெரும்பாலும் இருக்கும். அதனால் மேலிருந்து ஒன்று, பக்கத்திலிருந்து ஒன்று என இரண்டு படம் கேட்கிறேன்.

அதற்குமேல் இனத்தின் பெயர் கேட்டால் பெரும்பாலும் என்னால் சொல்ல முடியாது. உலகத்தில் பெயரிட்ட டாக்கினிட் ஈக்களே 8000-க்கு மேல். மயிர் வரிசையை எண்ணி, பல சமயம் ஆண் ஈயின் பிறப்புறுப்பை நுண்ணோக்கியில் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். "டாக்கினிட் குடும்பம்" என்று எழுதி நிறுத்தினால் சிலருக்கு ஏமாற்றம். ஆனாலும் அங்கேதான் நிறுத்த வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். எந்தச் செடியில் இருந்த எந்தப் புழுவிலிருந்து ஈ வந்தது என்ற விவரம் கிடைத்தால், அது எனக்குப் பத்து நல்ல படங்களுக்குச் சமம்.

அந்த அம்மா இப்போதும் படம் அனுப்புகிறார். போன வாரம் நேரிலேயே வந்து ஒரு பாட்டில் கொடுத்தார், வாயில் பழைய வேட்டித் துணி கட்டி. உள்ளே ஒரு புரொடீனியா புழு. தலைக்குச் சற்றுப் பின்னால், அதன் வாய் எட்டாத இடத்தில், இரண்டு வெள்ளை முட்டைகள். பொரிவதற்கு முன் புழு தோலுரித்துவிட்டால் முட்டைகளும் தோலோடு போய்விடும். பாட்டில் என் மேசையில்தான் இருக்கிறது. காலையில் பார்த்தேன், இன்னும் தோலுரிக்கவில்லை.