வராமல் போனவரைத் தேடும் வேலை முதல் நாளே தொடங்குகிறது

எச்.ஐ.வி சிகிச்சையில் இருக்கும் ஒருவர் கிளினிக்குக்கு வருவதை நிறுத்தினால், 'பொறுப்பில்லாத ஆள்' என்று சொல்லிக் கொப்பியை மூடுவது சுலபம். மறதியும் ஒரு காரணம்தான், ஆனால் சின்னக் காரணம். இலங்கையின் அரச பாலியல் நோய் சிகிச்சை நிலையங்களில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். குளிசைக்குக் காசு போவதில்லை. நெடுந்தீவு ஆளுக்குக் குறிகட்டுவான் வரை படகு, பிறகு பஸ், ஒரு நாள் கூலி என்றுதான் போகிறது. இதற்கு மேல், வாசலில் தெரிந்த முகம் நிற்குமோ என்ற பயம். யாழ்ப்பாணத்தில் யாரும் யாருக்கும் முழு அந்நியர் இல்லை. "என்ன, நீங்கள் இஞ்சாலை?" என்ற ஒரு கேள்வி போதும், அடுத்த முறை ஆள் வரமாட்டார்.

ஆள் தவறிய பிறகு எப்படித் தேடுவது என்று யோசித்தால் பிந்திவிடும். தேடுவதற்கான அனுமதியை முதல் நாளே கேட்டு எழுதி வைக்க வேண்டும். பத்து நிமிட வேலை. எந்த இலக்கம்? அந்த போன் இவருடையதா, வீட்டுக்குப் பொதுவா? எந்த நேரம் எடுக்கலாம்? வேறு ஆள் எடுத்தால் அழைப்பவர் யாரென்று சொல்ல வேண்டும், எந்தப் பெயரில் இவரைக் கேட்க வேண்டும்? குறுஞ்செய்தி அனுப்பலாமா? விஷயம் தெரிந்த ஒருவர் இருக்கிறாரா, அவரோடு கதைக்கலாமா? வீட்டுக்கு வரலாமா? இந்தக் கடைசிக் கேள்விக்குப் பலர் "வேண்டாம்" என்பார்கள். அதையும் அப்படியே எழுதி, அதன்படி நடக்க வேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் மோட்டார் சைக்கிள் ஒரு வாசலில் நின்றாலே டெங்குவோ என்று ஒழுங்கை முழுக்க விசாரிக்கும் ஊர் இது. இலக்கங்கள் அடிக்கடி மாறும் என்பதால் ஒவ்வொரு வருகையிலும் தாளை எடுத்துச் சரிபார்க்க வேண்டும். பெரும்பாலான இடங்களில் வேலை பிழைப்பது இங்கேதான்: தாள் இருக்கும், அதில் இரண்டு வருடத்துக்கு முந்திய இலக்கம் இருக்கும்.

அடுத்தது திகதிக் கணக்கு. மூன்று மாத மருந்து என்றால் 90 குளிசை. அடுத்த வருகையை 90ஆம் நாளுக்குக் குறித்தால் இரண்டு சிக்கல். கிழமை மாறி, கிளினிக் இல்லாத நாளிலோ ஞாயிறிலோ போய் விழும். ஒரு நாள் பிந்தினாலும் கையில் குளிசை இராது. 84ஆம் நாளுக்குக் குறித்தால் சரியாகப் பன்னிரண்டு கிழமை, அதே கிழமை நாள், கையில் ஆறு குளிசை மிச்சம். போயா தினமா என்று மட்டும் கலண்டரைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆறு மாதமாவது சிகிச்சையில் இருந்து, வைரஸ் அளவு அடங்கி, வேறு வருத்தம் இல்லாதவருக்கு மூன்று முதல் ஆறு மாத மருந்தை ஒரேயடியாகக் கொடுக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. படகில் வருபவருக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை.

தென்னாபிரிக்காவின் கயெலிட்சாவில் 2007 முதல் முப்பது பேர்வரை ஒரு குழுவாகச் சேர்ந்து மருந்து எடுக்கிறார்கள். மொசாம்பிக்கின் டெட்டே மாகாணத்தில் ஆறு பேர்வரை சேர்ந்து, முறை வைத்து ஒருவர் போய் எல்லாருக்கும் வாங்கி வருவார். தொற்று பரவலாக உள்ள நாடுகளுக்கு அருமையான ஏற்பாடு. இங்கே தொற்றுள்ளவர்கள் குறைவு, ஒருவரை ஒருவர் அறியவே விரும்பமாட்டார்கள். அதை அப்படியே கொண்டுவருவது சரிவராது.

கென்யாவில் செய்தது இங்கே பொருந்தும். கிழமைக்கு ஒரு குறுஞ்செய்தி, 'எப்படி இருக்கிறீர்கள்' என்ற அளவுக்குத்தான். 48 மணித்தியாலத்துக்குள் 'நலம்' அல்லது 'பிரச்சினை' என்று பதில் வரவேண்டும். பிரச்சினை என்றாலும், பதிலே இல்லை என்றாலும் தாதி அழைப்பார். 2010இல் வெளியான அந்த ஆய்வில், செய்தி கிடைத்தவர்களில் 57 வீதத்தினருக்கும் மற்றவர்களில் 48 வீதத்தினருக்கும் வைரஸ் அடங்கியிருந்தது. நோய், மருந்து, கிளினிக் எதுவும் செய்தியில் இல்லை. போனை மனிசி பார்த்தாலும் பிள்ளை பார்த்தாலும் ஒன்றும் வெளிப்படாது.

குறித்த நாளில் வராதவர்களின் பட்டியலை அன்று பின்னேரமே எடுக்க வேண்டும். மறுநாள் ஒரு அழைப்பு. கிடைக்காவிட்டால் வேறு நேரத்தில் இன்னொன்று. ஆறு குளிசை முடியமுன் ஆளைப் பிடிப்பதுதான் இலக்கு. 28 நாள் கடந்தால் சிகிச்சை இடைநின்றதாகவே கணக்கு. இதற்கு ஒரே ஆள் பொறுப்பாக இருக்க வேண்டும். எல்லாரும் பார்க்கலாம் என்று விட்டால் ஒருவரும் பார்க்கமாட்டார்கள்.

அழைத்தால் வரும் காரணங்களில் சில குளிசையோடே சம்பந்தப்பட்டவை. கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் குளிசையை விடுபவர் உண்டு. டெனோஃபோவிர், லமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த எச்.ஐ.வி குளிசையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு போடலாம் என்று முன்கூட்டியே சொன்னால் அது தீரும். நித்திரை வரவில்லை என்றால் காலைக்கு மாற்றலாம். இரும்பு, கல்சியக் குளிசைகளும் அலுமினியம், மக்னீசியம் சேர்ந்த நெஞ்செரிவு மருந்தும் டோலுடெக்ராவிர் உடலில் சேர்வதைக் குறைக்கும். அவற்றுக்கு இரண்டு மணித்தியாலம் முன்னோ ஆறு மணித்தியாலம் பின்னோ இதைப் போட வேண்டும். நீரிழிவுக்கு மெட்ஃபோமின் எடுப்பவருக்கு அந்த மெட்ஃபோமின் நாளொன்றுக்கு 1000 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. போத்தலில் உள்ள பெயர் தெரியக்கூடாதென்று வேறு டப்பாவில் கொட்டுபவர்கள், ஈரம் உறிஞ்சும் சிறு பொதியையும் சேர்த்துப் போட வேண்டும். லேபலைக் கிழித்துவிட்டு அதே போத்தலில் வைப்பது இன்னும் நல்லது.

மாதக்கணக்கில் காணாமல் போனவர் திரும்பி வரும் நாள் மிகவும் நுட்பமானது. "ஏன் இவ்வளவு நாளும் வரேல்லை?" என்று தொடங்கினால் பொய்தான் பதிலாக வரும். "வந்தது நல்லது. குளிசை எப்ப முடிஞ்சது?" என்று கேளுங்கள். அன்றே சிடி4 (இரத்தத்தில் உள்ள நோய் எதிர்ப்புக் கலங்களின் எண்ணிக்கை) பார்க்க வேண்டும். இருமல், காய்ச்சல், மெலிவு, விடாத தலையிடி இருக்கிறதா என்று கேட்க வேண்டும்; காசநோயோ மூளைக்காய்ச்சலோ சந்தேகம் என்றால் முதலில் அதைக் கவனிக்க வேண்டும். இல்லாவிட்டால் மருந்தை அன்றே தொடங்கலாம். ஈரலழற்சி பி உள்ளவர் இந்தக் குளிசையைத் திடீரென விட்டால் அந்த நோய் கிளம்பும், அதையும் பார்க்க வேண்டும். அன்றைய வைரஸ் அளவு உயர்ந்துதான் இருக்கும், அதை வைத்து மருந்து தோற்றுவிட்டது என்று முடிவெடுக்க முடியாது. ஒழுங்காகக் குளிசை போட்டு ஏறத்தாழ மூன்று மாதம் சென்ற பிறகு வரும் எண்தான் பேசும்.

வேலைக்காகக் கொழும்புக்கோ வவுனியாவுக்கோ போகிறவரைப் 'போய்விட்டார்' என்று விட்டுவிடக்கூடாது. மருந்தின் பெயர், தொடங்கிய திகதி, கடைசி வைரஸ் அளவு, கையில் உள்ள குளிசை எண்ணிக்கை ஆகியவற்றை எழுதிய கடிதத்தை ஒட்டிய உறையில் கொடுத்து, அங்குள்ள கிளினிக்கை அழைத்து, முதல் முறை வந்துவிட்டார் என்ற பதில் வரும்வரை இங்குள்ள பதிவேட்டில் பெயரை வெட்டாமல் வைத்திருக்க வேண்டும்.