தங்கையின் முகூர்த்தத்திற்கு ஒப்பனைக் கலைஞரைத் தேடியபோது

வைகாசியில் என் தங்கைக்குக் காட்பாடியில் திருமணம் என்று நிச்சயமானதும் மண்டபமும் சமையலும் ஒரே வாரத்தில் முடிவாகிவிட்டன. ஒப்பனைக் கலைஞரைத் தேர்ந்தெடுக்கத்தான் ஒரு மாதம் பிடித்தது. கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டும் வேலூரில், கனத்த பட்டுப்புடவையோடு ஹோமப் புகைக்கு எதிரே வியர்த்தபடி அமரப்போகும் பெண்ணுக்கு, குளிரூட்டிய அறையில் எடுத்த படங்களை மட்டும் நம்பி ஒருவரை அமர்த்த எனக்கு மனம் வரவில்லை.

முதலில் பார்த்தவர், சோதனை ஒப்பனையிலேயே தங்கையின் அழகான மாநிறத்தை வெளுப்பாக்கிவிட்டு, "ஃபோட்டோவில் இப்படித்தான் எடுப்பாக இருக்கும்" என்றார். அம்மாவுக்குப் பிடித்திருந்தது, எனக்கோ அது வேறு யாருடைய முகமாகவோ தெரிந்தது. ஃபவுண்டேஷனைத் தாடையோரத்தில் தடவி, ஜன்னல் வெளிச்சத்தில் கழுத்தின் நிறத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே சரியான முறை. சிலிக்கா மிகுந்த பவுடரை அதிகமாகப் பூசினால், கண்ணுக்குத் தெரியாத வெண்மை ஃபிளாஷ் வெளிச்சத்தில் திட்டுத் திட்டாகத் தெரியும்.

சத்துவாச்சாரியில் நாங்கள் சந்தித்த அக்கா, விலையைச் சொல்வதற்கு முன்பே தங்கைக்கு ஒவ்வாமை உண்டா என்று கேட்டு, காதுக்குப் பின்னால் சிறிது தடவி, ஒரு நாள் பொறுத்துப் பார்க்கச் சொன்னார். நலங்கு மஞ்சள் தோலில் தங்கி நிறத்தை மாற்றும் என்பதையும் அவரே நினைவூட்டினார். புடவைக் கட்டு, சடை அலங்காரம், விடியற்காலைப் பயணச் செலவு ஆகிய அனைத்தையும் தொகையோடு எழுதிக் கொடுத்தார். அன்றே முன்பணம் கொடுத்தோம்.