பழைய பெயர் ஒளிந்திருக்கும் இடங்கள்

திருநர் பிள்ளைக்காக, அதாவது பிறந்தபோது குறித்த பாலினம் தன்னுடையதல்ல என்று உணரும் பிள்ளைக்காக, பள்ளியில் பேசப் போகும்முன், யார் யாருக்குத் தெரியலாம் என்று பிள்ளையிடம் கேட்டுவிடுங்கள். தலைமையாசிரியருக்கு மட்டுமா, வகுப்பாசிரியருக்குமா, வகுப்புக்கே தெரியலாமா? பதிலைப் பிள்ளையே தாளில் எழுதட்டும். அதைத் தாண்டி ஒரு சொல் போகக்கூடாது. ஆசிரியர் அறையில் ஒருவர் நல்லெண்ணத்தோடு சொன்னாலும், மதியத்துக்குள் பள்ளி முழுக்கப் பரவிவிடும்.

"கொஞ்சம் அனுசரித்துப் போங்கள்" என்று பொதுவாகக் கேட்டால் தலையாட்டலோடு முடிந்துவிடும். கூப்பிடும் பெயர், கழிப்பறை, உடை மாற்றும் இடம், பிள்ளை நேராகப் போய்ப் பேசக்கூடிய ஓர் ஆசிரியர், இந்த நான்கையும் கேளுங்கள். பேசியதை அன்று மாலையே மின்னஞ்சலில் எழுதி அனுப்புங்கள். "இது வியாதியா?" என்ற கேள்வி வரும். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில், 2022இல் நடைமுறைக்கு வந்த 11ஆம் பதிப்பு இதை மனநோய்ப் பிரிவிலிருந்து எடுத்துவிட்டது. இவ்வளவு சொன்னால் போதும்.

பெரிய வேலை பெயரில்தான். வருகைப் பதிவேட்டில் மாற்றினாலும், மென்பொருள் சேர்க்கைப் பதிவிலிருந்து பெயரை எடுத்தால் அடுத்த பருவத்தில் பழையதே அச்சாகி வரும். அடையாள அட்டை, நூலக அட்டை, பேருந்துப் பட்டியல், பெற்றோர் வாட்ஸ்அப் குழு, பரிசுச் சான்றிதழ் என்று ஒவ்வொன்றாகத் துரத்த வேண்டும். அதிகம் சறுக்குவது மாற்று ஆசிரியர் வரும் நாளில். அவர் கையில் கிடைப்பது பழைய பட்டியலாகவே இருக்கும். பொதுத்தேர்வுக்குச் சட்டப்படியான பெயர் கேட்பார்கள். மாற்றுவதானால் தேர்வுப் பதிவுக்கு வெகுமுன்பே தொடங்குங்கள். அதுவரை அறிவிப்புப் பலகையில் பதிவெண் மட்டும் ஒட்டச் சொல்லலாம்.

பெயரைச் சரியாகச் சொல்பவர் வாயிலும் 'டா', 'டி' வந்து விழும். வகுப்பில் எல்லாரையுமே பெயர் சொல்லிக் கூப்பிடுவது சுலபமான வழி. ஆண், பெண் இரண்டிலும் அடங்காத பிள்ளைக்கு 'அவங்க' இயல்பாகப் பொருந்தும். தமிழில் அந்த வசதி முன்பே இருக்கிறது. தவறினால் திருத்திவிட்டுப் பாடத்தைத் தொடரட்டும். நீளமாக மன்னிப்புக் கேட்டால் வகுப்பே திரும்பிப் பார்க்கும்.

கழிப்பறை 'கொடுத்தாயிற்று' என்பார்கள். அது வேறு மாடியில், அலுவலகத்தில் சாவி கேட்டு வாங்கிப் போகும்படி இருந்தால் பிள்ளை போகாது. தண்ணீர் புட்டி நிறைந்தபடியே வீடு திரும்புகிறதா என்று பாருங்கள். அடக்கி அடக்கிச் சிறுநீர்த் தொற்று வரலாம்.

கேலி நடந்தால் தேதி, நேரம், இடம், சொன்ன சொல், பக்கத்தில் இருந்தவர்கள், எல்லாவற்றையும் அன்றே குறித்துவையுங்கள். 'அடிக்கடி கிண்டல் செய்கிறார்கள்' என்ற புகார் எங்கும் நகராது.

யாருக்குத் தெரியலாம் என்று முதலில் எழுதிய தாளை ஆறு வாரம் கழித்து மறுபடி பிள்ளையிடம் கொடுங்கள். சில வரிகளை அடிக்கலாம்; பெயரையே மாற்றலாம். அப்படியானால் பட்டியல் வேட்டை மறுபடி முதலிலிருந்து.