இரண்டு சைலன்சர் நட்டுகளுக்கு ஐந்து வாரம்: பழைய ஸ்ப்ளெண்டரில் முறிந்த ஸ்டட்டை எடுத்த அனுபவம்

சைலன்சரை எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டோடு பிடித்திருக்கும் இரண்டே இரண்டு நட்டுகளால் எனக்கு ஐந்து வாரங்கள் போயின. வண்டி அப்பாவுடையது, 2003இல் வாங்கிய ஸ்ப்ளெண்டர். பதினெட்டு ஆண்டுகள் தூத்துக்குடியின் உப்பளச் சாலைகளில் ஓடிய பிறகு, அப்பா எங்களோடு வந்து தங்கியபோது வண்டியும் கோயம்புத்தூருக்கு வந்து சேர்ந்தது. நீலப் புகை கக்கி, ஊற்றிய ஆயிலைக் குடிக்கத் தொடங்கியதால் பிஸ்டன் ரிங்கும் வால்வு சீலும் மாற்ற வேண்டியிருந்தது. அதற்கு ஹெட் கழல வேண்டும். ஹெட் கழலச் சைலன்சர் கழல வேண்டும். கார்புரேட்டரையும் மற்றவற்றையும் அரை மணி நேரத்தில் இறக்கிவிட்டேன்.

முதல் நட்டுக்கு 10 நம்பர் ரிங் ஸ்பேனரைப் போட்டு இழுத்தேன்; அசையவில்லை. துரு நீக்கும் ஸ்பிரேயை அடித்துப் பத்து நிமிடம் காத்திருந்து, ஸ்பேனரில் ஒரு குழாயை மாட்டி மீண்டும் இழுத்தேன். இம்முறை ஸ்பேனர் மெல்ல நகர்ந்தது. நட்டு இளகிவிட்டது என்று மகிழ்ந்து இன்னும் அழுத்தினேன். உண்மையில் சுழன்றது நட்டு அல்ல, நட்டு ஏறியிருக்கும் 6 மி.மீ. மரைக்கம்பியான ஸ்டட்டே உள்ளுக்குள் முறுகிக்கொண்டிருந்தது. இளகும் நட்டு முதலில் ஒரு கிறீச்சொலியோடு விடுபட்டு, பிறகு சீராகச் சுழலும். முறியப்போகும் ஸ்டட்டோ ரப்பரைத் திருகுவதைப் போல வளைந்து கொடுக்கும், கையைத் தளர்த்தினால் ஸ்பேனர் சற்றே பின்னால் வரும். அந்த வேறுபாட்டைக் கை அறிந்துகொண்ட நொடியில் நட்டும் அரை அங்குல ஸ்டட்டும் ஸ்பேனரோடு என் கையில் இருந்தன. மீதித் துண்டு ஹெட்டின் முகத்தோடு சமமாக, பிடிக்க ஒரு மயிரிழை கூட இல்லாமல் நின்றது.

முறிந்த துண்டைத் திருப்பிப் பார்த்தபோதுதான் காரணம் விளங்கியது. நட்டுக்கும் ஸ்டட்டுக்கும் நடுவே செந்துரு இருந்தது. ஸ்டட் ஹெட்டுக்குள் இறங்கும் இடத்தைச் சுற்றிலும் சுண்ணாம்பு போல வெண்பொடி படிந்திருந்தது. ஹெட் அலுமினியம், ஸ்டட் இரும்பு. உப்பீரம் பட்ட இடத்தில் இவ்விரண்டும் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம்தான் அரிக்கப்படும். அரித்து உண்டாகும் வெண்பொடி பருமனில் அதிகம் என்பதால் மரைக்குள் ஆப்பு அடித்தது போல இறுகிக்கொள்ளும். இரண்டு முனையும் இப்படி இறுகியிருக்கும்போது நடுவில் இருக்கும் மெல்லிய ஸ்டட்தான் பலியாகும். கடலோர ஊரில் ஓடிய வண்டியை வாங்குகிறவர்களும் பிரிக்கிறவர்களும் ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் இந்த இடத்தைப் பார்த்துவிட வேண்டும்.

இரண்டாவது நட்டை அன்று நான் தொடவில்லை. மறுநாள் பெட்ரோல் டேங்கையும் கழற்றித் தொலைவில் வைத்துவிட்டு, வண்டியை முற்றத்துக்குத் தள்ளிக்கொண்டு போய், முந்தைய நாள் அடித்த ஸ்பிரே முழுவதையும் துடைத்தெடுத்தேன். இதைத் தயவுசெய்து யாரும் தவிர்க்க வேண்டாம். அந்த ஸ்பிரே எளிதில் தீப்பிடிக்கும். பிறகு சிறிய கேஸ் டார்ச்சால் நட்டை மட்டும் ஒரு நிமிடம் சூடாக்கி, மரை தெரியும் இடத்தில் ஒரு மெழுகுவத்தியைத் தொட்டேன். உருகிய மெழுகு வழிந்து கீழே சொட்டும் என்று நினைத்திருந்தேன்; அதுவோ நட்டுக்கும் ஸ்டட்டுக்கும் இடையே உறிஞ்சப்பட்டு உள்ளே போனது. ஆறவிட்டு, மறுபடி சூடாக்கி, மறுபடி மெழுகு வைத்தேன். நான்கு முறை இப்படிச் செய்த பிறகு நட்டை முதலில் கழற்றும் பக்கம் திருப்பாமல், இறுக்கும் பக்கம் ஒரு துளி அழுத்தினேன். 'கிறீச்' என்றது. பிறகு முன்னும் பின்னுமாகக் கால் சுற்று, அரைச் சுற்று என்று திருப்பி முழு நட்டும் வெளியே வர இருபது நிமிடம் ஆயிற்று. குழாயை மாட்டி அழுத்தியதற்கு முன்பே இதைச் செய்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே தேவை இருந்திருக்காது.

சைலன்சர் வந்ததும் ஹெட்டும் வந்துவிட்டது. பிஸ்டன் ஓடும் பிளாக் மட்டும் அடி கேஸ்கெட்டோடும், அதை இடம் பிசகாமல் நிறுத்தும் துருப்பிடித்த டவல் பின்னோடும் ஒட்டிக்கொண்டு அரை நாள் அடம்பிடித்தது. இடுக்கில் ஸ்க்ரூடிரைவரை நுழைத்து நெம்பினால் கேஸ்கெட் உட்காரும் முகம் கீறிப்போகும், அதன்பின் எந்தக் கேஸ்கெட் போட்டாலும் ஆயில் கசியும். பின் இருக்கும் பக்கத்தில் இரவெல்லாம் ஸ்பிரேயை ஊறவிட்டு, ரப்பர் சுத்தியலால் நான்கு பக்கமும் மாறி மாறித் தட்டியபோது தானாக இளகியது. ஃபின்களில் (சூட்டை ஆற்றும் மெல்லிய தகடுகளில்) தட்டாதீர்கள், உடைந்துவிடும். பிளாக் வெளியே வந்தவுடன் கிராங்க் கேஸின் வாயைத் துணியால் அடைத்துவிடுங்கள். பிஸ்டன் பின்னின் லாக் உள்ளே விழுந்தால் முழு எஞ்சினையும் பிரிக்க வேண்டிவரும்.

இனி என் பெரிய தவறு. மேசைமேல் ஹெட்டை வைத்து, முறிந்த ஸ்டட்டின் நடுவில் பஞ்ச் குத்தி, 3 மி.மீ. டிரில்லால் துளையிட்டு, முறிந்ததைக் கடித்துத் திருகி எடுக்க 'ஈஸி அவுட்' என்று விற்கும் இடது மரைத் திருகியை உள்ளே இறக்கினேன். நட்டின் பிடியால் அசையாத ஸ்டட்டை அதைவிட மெல்லிய ஒரு கம்பியால் அசைக்க முடியும் என்று எப்படி நம்பினேன் என்று இப்போதும் வருந்துகிறேன். இரண்டாவது திருப்பிலேயே அது உள்ளேயே ஒடிந்தது. ஈஸி அவுட் நன்கு கடினப்படுத்திய எஃகு. சாதாரண டிரில் அதன்மேல் வழுக்கிக்கொண்டு போய்ப் பக்கத்தில் இருக்கும் மென்மையான அலுமினியத்தைத்தான் தோண்டும். அதுவரை எளிதாக இருந்த ஒரு பழுதை நானே கடினமாக்கிவிட்டேன். ஸ்டட் முறிந்த அன்றே லேத் பட்டறைக்குப் போயிருந்தால், அதன்மேல் ஒரு நட்டை வைத்து வெல்டு செய்து, அந்தச் சூட்டிலேயே திருகி எடுத்திருப்பார்கள்.

உதிரிபாகக் கடையில் புது ஹெட் வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். இரண்டு லேத் பட்டறைகளில் ஒடிந்த ஈஸி அவுட்டைப் பார்த்ததுமே கையை விரித்தார்கள். மூன்றாவது இடத்தில் இருந்த பெரியவர்தான், இது மின்பொறியால் உலோகத்தை அரிக்கும் ஸ்பார்க் எரோஷன் மெஷினில் மட்டுமே வரும் என்று சொல்லி, கணபதிப் பகுதியில் உலோக அச்சுகள் (டை) செய்யும் பட்டறை ஒன்றுக்கு வழி காட்டினார். தொலைபேசியில் அவர்களிடம் கேட்டுக்கொண்டு, அலுவலகத்துக்கு அரை நாள் விடுப்புப் போட்டு, ஹெட்டைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன். மெஷின் பார்ப்பவர் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வால்வு, ஸ்பிரிங் எதுவும் கழட்டாம எதுக்குங்க கொண்டு வந்தீங்க? இத எப்படிங்க தொட்டிக்குள்ள மட்டமா உக்கார வைக்கறது?" என்றார். அவர் கேட்டதில் தவறில்லை, ஆனால் தொலைபேசியில் பேசியபோது யாரும் அதைச் சொல்லவில்லை. அந்த அரை நாள் வீணாயிற்று. நீங்கள் போவதாக இருந்தால் வால்வு, ஸ்பிரிங், கேம், ராக்கர் அனைத்தையும் கழற்றி, ஹெட்டை மண்ணெண்ணெயில் கழுவி, முறியாமல் மிஞ்சிய நல்ல ஸ்டட்டின் அளவையும் குறித்துக்கொண்டு போங்கள்.

அடுத்த வாரம் எல்லாம் சரியாக நடந்தது. எண்ணெய்த் தொட்டிக்குள் ஹெட்டை மூழ்கவைத்து, ஒடிந்த கம்பிக்கு நேராக ஒரு செம்புக் கம்பியை இறக்கினார்கள். இரண்டும் தொடுவதில்லை, இடையில் இருக்கும் நூலிழை இடைவெளியில் இடைவிடாமல் பொறி பறந்து, எஃகைத் துகள் துகளாக அரிக்கிறது. எவ்வளவு கடினமான எஃகாக இருந்தாலும் மின்சாரம் அதில் பாய்ந்தால் போதும் என்பதுதான் இம்முறையின் வலிமை. எண்ணெய் கறுத்துக் குமிழியிட, ஏறத்தாழ முக்கால் மணி நேரத்தில் ஈஸி அவுட் காணாமல் போனது. மிஞ்சிய ஸ்டட்டின் ஓடு ஊசியால் நெம்பியதும் சுருளாக வந்தது. நான் நடுவிலிருந்து சற்று விலகித் துளையிட்டிருந்ததால் ஒரு பக்க மரை போய்விட்டிருந்தது. அங்கேயே துளையைப் பெரிதாக்கி ஹெலிகாயில் என்னும் மரைச் சுருளைப் போட்டுக்கொடுத்தார்கள். மொத்தம் 850 ரூபாய். எஃகுச் சுருள் என்பதால், வெறும் அலுமினிய மரையைவிட இது உறுதியானது.

மீண்டும் பூட்டும்போது இரண்டு ஸ்டட்டுகளையும் நட்டுகளையும் புதிதாக வாங்கி, மரை முழுவதும் மரை இறுகிப்போகாமல் காக்கும், செம்பு கலந்த ஆன்டி சீஸ் கிரீஸைத் தடவினேன். சாதாரண கிரீஸ் சைலன்சர் சூட்டில் எரிந்து கரியாகிவிடும். 6 மி.மீ. மரைக்குச் சுமார் 10 நியூட்டன் மீட்டர் போதும். சிறிய ஸ்பேனரின் நடுவில் பிடித்து மணிக்கட்டால் இறுக்கினாலே அந்த அளவு வந்துவிடும்.

முதல் உதையிலேயே வண்டி எடுத்துக்கொண்டது. அப்பா பின்னால் குனிந்து நின்று வெகுநேரம் சைலன்சரின் வாயையே பார்த்தார்; புகை இல்லை. ஐந்நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு, சரிபார்ப்பதற்காக அந்த இரண்டு நட்டுகளையும் ஒருமுறை கழற்றினேன். ஸ்பேனரால் கால் சுற்று இளக்கியதும், மீதி முழுவதும் விரலாலேயே சுழன்று வந்தது.