டிராஃப்ட்டில் எந்த கார்டை எடுப்பது: கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு படிப்பு அனுபவம்

மேஜிக் தி கேதரிங் என்ற கார்டு ஆட்டத்தைக் கற்றுக்கொண்டவர்களில் பலர் டிராஃப்ட்டுக்கு, அதாவது பேக்கிலிருந்து கார்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து அங்கேயே டெக் (ஆட்டக் கட்டு) கட்டி ஆடும் முறைக்கு, வந்ததும் திணறிப்போகிறார்கள். விதிகள் தெரியும், ஒரு கார்டைப் படித்தால் என்ன செய்யும் என்று புரியும். பேக்கைப் பிரித்து 14 கார்டை விசிறி மாதிரி கையில் பிடித்ததும் எதை எடுப்பது என்று தெரியாது. ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் புதிதாக ஆட வரும் தம்பிகள் என்னிடம் கேட்பது எப்போதும் ஒன்றுதான்: "அண்ணா, டாப் கார்டு லிஸ்ட் இருந்தா அனுப்புங்க." அனுப்புவேன். ஆனால் அந்த லிஸ்ட்டை மட்டும் நெட்டுரு போட்டுக்கொண்டு வருகிறவன் தேறுவது அபூர்வம். நான் எதைப் படித்தேன், எந்த வரிசையில் படித்தேன், எதில் பலன் கிடைத்தது என்பதை எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. ரிச்சர்ட் கார்ஃபீல்ட் உருவாக்கி 1993-ல் வெளிவந்த ஆட்டம் இது. வெள்ளை, நீலம், கருப்பு, சிவப்பு, பச்சை என்று ஐந்து நிறம். டிராஃப்ட்டில் எட்டுப் பேர் வட்டமாக உட்காருவார்கள், ஆளுக்கு மூன்று பேக். முதல் பேக்கைப் பிரித்து ஒரு கார்டை எடுத்துக்கொண்டு மீதியை இடது பக்கம் கொடுக்க வேண்டும், பேக் தீரும்வரை இப்படியே. ஒரு முறை எடுப்பது ஒரு பிக். இரண்டாவது பேக் வலது பக்கம் போகும், மூன்றாவது மறுபடி இடது. எடுத்த கார்டுகளை வைத்து 40 கார்டு டெக் கட்ட வேண்டும். வழக்கமாக அதில் 17 லேண்ட் (மற்ற கார்டுகளை ஆடச் செலவாகும் மனா என்ற சக்தியைத் தரும் கார்டு), 23 மற்ற கார்டு.

இந்த 23-ஐ மனதில் எழுதிக்கொள்ளுங்கள். 40-க்கு மேல் கார்டு எடுப்பீர்கள், ஆட்டத்துக்குள் நுழைவது 23 மட்டுமே. அதனால் ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டிய கேள்வி, "இது நல்ல கார்டா?" என்பதைவிட, "இது என் 23-க்குள் வருமா, வந்தால் யாரை வெளியே தள்ளும்?" என்பதுதான். நான் படித்த மற்றதெல்லாம் இந்தக் கேள்விக்குச் சீக்கிரம் பதில் சொல்லிப் பழகத்தான்.

முதலில் படிக்க வேண்டியது காமன் கார்டுகள், அதாவது பேக்கில் அதிகம் வரும் சாதாரண வகை. புதிதாக வருகிறவர்கள் ரேர், மித்திக் என்று அபூர்வமாக வந்து பளபளப்பதையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். எட்டுப் பேர் மேசையில் மொத்தம் 24 பேக் திறக்கும். ஒரு குறிப்பிட்ட ரேர் அதில் வருமா என்பது அதிர்ஷ்டம். ஒரு குறிப்பிட்ட காமன் சராசரியாகச் சுமார் இரண்டு முறை வரும். உங்கள் டெக்கில் பாதிக்கு மேல் காமன்தான் இருக்கப் போகிறது. ஆக, பாடத்திட்டம் அதுதான். புது செட் (ஒன்றாக வெளியிடும் கார்டுத் தொகுப்பு) வந்தால் நான் ஒரு சாதாரண நோட்டில் நிறத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, அந்த நிறத்தின் காமன்களை மனா செலவு வாரியாக எழுதுவேன். ரிமூவல், அதாவது எதிராளியின் கிரீச்சரை (தாக்கவும் தடுக்கவும் இறக்கும் கார்டை) ஒழிக்கும் கார்டுகளுக்கு அடிக்கோடு. கையால் எழுதினால்தான் எனக்கு நிற்கும், போனில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தது எதுவும் ஞாபகம் இருந்ததில்லை. அதற்கடுத்து, பத்து இரட்டை நிறச் சேர்க்கைகள். பெரும்பாலான செட்களில் ஒவ்வொரு சேர்க்கைக்கும் ஒரு பாணி வைத்திருப்பார்கள், அதைக் காட்டிக்கொடுக்க இரு நிறமும் கலந்த ஒரு அன்காமனும் (காமனுக்கும் ரேருக்கும் இடைப்பட்ட வகை) இருக்கும். அந்தப் பத்து அன்காமனைப் படித்தாலே செட் என்ன நினைக்கிறது என்று பிடிபட்டுவிடும்.

தமிழ் மீடியத்தில் படித்தவர்களுக்கு ஒரு வார்த்தை. கார்டில் இருக்கும் ஆங்கிலம் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஃபிளையிங், டிராம்பிள், டெத்டச், லைஃப்லிங்க், விஜிலன்ஸ், ஹேஸ்ட் என்று திரும்பத் திரும்ப வரும் சொற்கள் கொஞ்சம்தான். அவற்றை முதலில் முடித்துவிட்டால் மீதி வாக்கியமெல்லாம் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கும்.

கார்டை எடைபோட ஒரு பழைய சூத்திரம் உண்டு: முதலில் பாம், அதாவது தனியாகவே ஆட்டத்தை முடிக்கும் கார்டு. அடுத்து ரிமூவல். அப்புறம் பறப்பது மாதிரி எளிதில் தடுக்க முடியாத கிரீச்சர். பிறகு மற்றதெல்லாம். முதல் இரண்டு மூன்று பிக்குக்கு இது போதும், அதற்கு மேல் இதையே பிடித்துக்கொண்டிருந்தால் ஏழு ரிமூவலும் ஆட்டத்தை முடிக்க ஒரு கிரீச்சர்கூட இல்லாத டெக்கும்தான் மிஞ்சும். எனக்கு அதிகம் உதவியது வேறு ஒரு முறை. ஒரு கார்டை நான்கு நிலைமையில் வைத்துப் பார்க்க வேண்டும்: ஆட்டம் தொடங்கும்போது, இரு பக்கமும் முட்டிக்கொண்டு நிற்கும்போது, நாம் முந்தியிருக்கும்போது, நாம் உதை வாங்கிக்கொண்டிருக்கும்போது. முந்தியிருக்கும்போது மட்டும் அழகாகத் தெரியும் கார்டுகள் ஏராளம். அவைதான் புதியவர்களை ஏமாற்றும். உதை வாங்கும்போதும் கைகொடுக்கிறதா என்று பாருங்கள், பாதி குப்பை தானாகக் கழிந்துவிடும்.

இனி முக்கியமான பகுதி, நிறம் தேர்வு. இதை ஓசூரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எட்டுப் பேர் சேர்ந்து ஆடிய டிராஃப்ட்டிலிருந்து சொல்கிறேன். கடையில் வாங்கிய பேக் கிடையாது. நாங்களே தேர்ந்தெடுத்துச் சேர்த்த 360 கார்டு, கியூப் என்பார்கள். அதைக் கலைத்து 15, 15-ஆகப் பிரித்தால் எட்டுப் பேருக்கு மூன்று பேக் சரியாக வரும். எனக்கு முதல் பிக்கில் செர்ரா ஏஞ்சல்: ஐந்து மனா, 4/4 (தாக்கும் பலம் 4, தாங்கும் பலம் 4), பறக்கும், தாக்கிவிட்டுத் தடுக்கவும் நிற்கும். யோசிக்க ஒன்றும் இல்லை. இரண்டாவது பேசிஃபிசம், இரண்டு மனாவுக்கு ஒரு கிரீச்சரை முடக்கும் வெள்ளை கார்டு. மூன்றாவது லானோவார் எல்வ்ஸ், பச்சை. நான்காவது சொல்லிக்கொள்ளும்படி இல்லாத ஒரு வெள்ளை இரண்டு மனா கிரீச்சர். ஐந்தாவது பேக் கைக்கு வந்தபோது உள்ளே டூம் பிளேட். நாலு பேர் கை தாண்டி, இரண்டு மனாவுக்குக் கருப்பல்லாத எந்த கிரீச்சரையும் அழிக்கும் கார்டு வந்திருக்கிறது. எடுத்தேன். ஆறாவதில் கிரேவ்டிகர். ஏழாவதில் மர்டர், எந்த கிரீச்சரையும் அழிக்கும். இந்த மூன்றும் கருப்பு.

இங்கே கொஞ்சம் நிற்போம். ஏழாவது பிக்கில் மர்டர் என்றால், ஆறு பேர் அதைப் பார்த்து வேண்டாம் என்றிருக்கிறார்கள். எனக்கு வலது பக்கம் இருப்பவர்கள் கருப்பு ஆடவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான தகவல் கிடைக்காது. ரம்மி ஆடத் தெரிந்தவர்களுக்கு இது உடனே பிடிபடும்: முந்தின ஆள் எதைக் கீழே போடுகிறார் என்று பார்த்தே அவர் கையில் எது இல்லை என்று சொல்லிவிடுவார்கள். டிராஃப்ட்டில் வலது கை ஆள் கொடுக்கும் ஒவ்வொரு பேக்கும் அப்படி ஒரு தகவல்தான். ஆனால் முதல் மூன்று பிக்கை வைத்து எதுவும் முடிவுகட்டக் கூடாது. மூன்றாவது பிக்கில் நல்ல சிவப்பு கார்டு வந்தால், எடுத்தவர்களுக்கு அதைவிட நல்லது கிடைத்திருக்கலாம், அவ்வளவுதான். ஐந்திலிருந்து எட்டு வரை வருவதுதான் பேசும். என் படிப்பில் நேரம் அதிகம் போனது இந்த நாலு பிக்குகளுக்குத்தான். முதல் பிக்குக்கு லிஸ்ட் போதும், பத்தாவது பிக்குக்கு மூளையே வேண்டாம்.

அப்புறம் ஒன்பதாவது பிக். எட்டுப் பேர் சுற்றி, நீங்கள் முதலில் திறந்த அதே பேக் ஏழு கார்டோடு திரும்பி வரும். (இப்போது கடையில் வரும் பிளே பூஸ்டரில் 14 கார்டு என்பதால் ஆறு கார்டோடு வரும்.) அந்தப் பேக்கை முதலில் கைமாற்றும்போது அதில் இருந்த நல்ல கார்டுகள் இரண்டு மூன்றை மனதில் வைத்திருந்தால், எவை காணாமல் போயின என்பதிலிருந்து மேசையே தெரியும். அன்று நான் கைமாற்றிய மூன்று கருப்பு கார்டில் இரண்டு அப்படியே திரும்பி வந்தன.

கருப்பை எடுப்பதில் இன்னொரு லாபம் இருக்கிறது. முதல் பேக்கில் நான் கருப்பைத் தடுத்துவிட்டதால் இடது பக்க ஆளுக்குக் கருப்பு அதிகம் போயிருக்காது, அவர் வேறு நிறத்துக்குப் போயிருப்பார். இரண்டாவது பேக்கில் அவர்தான் எனக்குக் கொடுக்கிறவர். முதல் பேக்கில் நீங்கள் எதைக் கொடுக்கவில்லையோ அது இரண்டாவது பேக்கில் உங்களைத் தேடி வரும்.

இரண்டாவது பேக்கின் பாதியில் ஒரு கணக்கு போடுங்கள். இரண்டு மனா கார்டு ஐந்தாறு இருக்கிறதா? மூன்று மனாவில் நாலைந்து? ஐந்துக்கு மேல் மூன்று நாலோடு நிறுத்தியாயிற்றா? மொத்த கிரீச்சர் 15-ஐ நெருங்குமா? இந்தக் கட்டத்துக்குப் பிறகு லிஸ்ட்டில் மேலே இருக்கும் ஆறு மனா கார்டைவிட, சாதாரண இரண்டு மனா 2/2 சில சமயம் சரியான பிக். நண்பர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

மூன்றாவது நிறம் சேர்க்கலாமா என்ற ஆசை எல்லோருக்கும் வரும். அதற்கும் கணக்கு உண்டு. 40 கார்டில் அந்த நிறத்துக்கு மூன்று லேண்ட் மட்டும் வைத்தால், நீங்கள் தொடங்கிவைக்கும் ஆட்டத்தில் உங்கள் ஐந்தாவது முறை வருவதற்குள் 11 கார்டு பார்த்திருப்பீர்கள். அதில் அந்த லேண்ட் ஒன்றுகூட வராமலிருக்கும் வாய்ப்பு சுமார் 37 சதவீதம். அதாவது மூன்று ஆட்டத்தில் ஒன்றுக்கு மேல் அந்த கார்டு கையில் சும்மா உட்கார்ந்திருக்கும். அதற்குத் தகுதியான கார்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். லேண்டைக் குறைக்கும் ஆசைக்கும் இதே மருந்துதான்: 17 லேண்ட் வைத்தால் முதல் ஏழு கார்டில் இரண்டிலிருந்து நாலு லேண்ட் வர 79 சதவீத வாய்ப்பு இருக்கிறது. இந்தக் கணக்கெல்லாம் பள்ளியில் படித்த சேர்வுகள் (காம்பினேஷன்) தான், ஒருமுறை நீங்களே போட்டுப் பாருங்கள். போட்டவர்களுக்கு வரும் தைரியம் கேள்விப்பட்டவர்களுக்கு வராது.

பயிற்சிக்கு எங்கே போவது? நம் பக்கம் எட்டுப் பேரைத் திரட்டுவது கல்யாணத்துக்கு ஆள் கூப்பிடுவதைவிடக் கஷ்டம். வீட்டில் "சீட்டாடப் போறியா?" என்று ஒரு பார்வை வேறு. அதனால் முதலில் மேஜிக் அரினா, அதாவது இதே ஆட்டத்தின் ஆன்லைன் வடிவம். அதில் குவிக் டிராஃப்ட்டுக்கு 5,000 கோல்டு (ஆட்டத்துக்குள்ளேயே கிடைக்கும் நாணயம்), பிரீமியர் டிராஃப்ட்டுக்கு 10,000. தினசரி குவெஸ்ட்டில் 500 அல்லது 750 கிடைக்கும், பொறுமையாகச் சேர்த்தால் காசு போடாமலே ஆடலாம். ஏழு வெற்றி அல்லது மூன்று தோல்வி வரை ஓடும். குவிக் டிராஃப்ட்டில் நேர வரம்பு இல்லை, படிக்கிறவர்களுக்கு நல்லது. ஆனால் உங்களோடு கார்டு எடுப்பது பாட், அதாவது கணினி, மனிதரில்லை. பாட் எந்த நிறத்தைக் குறைத்து மதிக்கிறது என்பது வேறு கதை, அங்கே கற்ற சமிக்ஞையை மேசைக்குக் கொண்டுவராதீர்கள். கோல்டு இல்லாத நாட்களில் டிராஃப்ட்மேன்சர் தளத்தில் இலவசமாக கார்டு எடுத்து மட்டும் பழகலாம்.

அரினா டிராஃப்ட் முடிவுகளைத் திரட்டும் 17லேண்ட்ஸ் தளத்தின் புள்ளிவிவரத்தைப் பலரும் தப்பாகப் படிக்கிறார்கள். ஒரு கார்டு கையில் வந்த ஆட்டங்களில் எத்தனை சதவீதம் ஜெயித்தார்கள் என்று அங்கே இருக்கும். 53 என்று பார்த்ததும் பாதிக்கு மேல்தானே, நல்ல கார்டு என்று நினைக்கக் கூடாது. அந்தத் தளத்தில் பதிவு செய்து ஆடுகிறவர்கள் பொதுவாகவே பாதிக்கு மேல் ஜெயிக்கிறவர்கள். அந்த செட்டின் சராசரியோடு ஒப்பிட்டுப் பார்த்தால் அதே 53 சராசரிக்குக் கீழே கிடக்கலாம். இன்னொன்று, அந்த எண் அந்த கார்டுக்குப் பொருத்தமான டெக்கில் வைத்து ஆடியவர்களுடையது. உங்கள் டெக் அப்படியா என்று எண் சொல்லாது.

டிராஃப்ட் முடிந்ததும் நான் செய்யும் ஒரே வீட்டுப்பாடம்: தயங்கிய மூன்று பிக்கை மட்டும் எழுதி வைப்பது. பேக்கில் என்ன இருந்தது, எதை எடுத்தேன், ஏன். ஆட்டங்கள் முடிந்த பிறகு பக்கத்தில் ஒரு வரி: எடுத்தது 23-க்குள் வந்ததா, வரவில்லையா. எல்லாப் பிக்கையும் எழுதினால் இரண்டே வாரத்தில் சலித்துவிடும்.

ஆள் குறைவாக இருந்தால் என்ன செய்வது என்று தர்மபுரியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தான். நாலு பேர் போதும். நாலு பேர் மேசையில் 15 கார்டு பேக் ஐந்தாவது, ஒன்பதாவது, பதிமூன்றாவது பிக்கில் உங்களிடமே திரும்பி வரும். அதனால் இரண்டு நல்ல கார்டு ஒரே பேக்கில் இருந்தால், மற்ற மூவருக்கும் பிடிக்காததைப் பிறகு எடுக்கலாம் என்று துணியலாம். அங்கே எடுத்தவர்களோடுதான் ஆடப் போகிறீர்கள் என்பதால், உங்களுக்கு உதவுவது எதுவும் இல்லாத பேக்கில் எதிராளிக்கு உதவும் கார்டைத் தூக்கிவிடுவதும் நியாயம்தான். அரினாவில் அதே வேலையைச் செய்வது வீண், உங்களோடு டிராஃப்ட் எடுத்தவர் எதிரே வர வேண்டும் என்ற கட்டாயம் அங்கே இல்லை.

இரண்டே பேர் என்றால் வின்ஸ்டன் டிராஃப்ட். 90 கார்டைக் கலைத்து ஒரே கட்டாகக் கவிழ்த்து வையுங்கள், பக்கத்தில் ஒவ்வொரு கார்டாக மூன்று சிறு குவியல். முதல் குவியலைப் பார்த்து, வேண்டுமென்றால் மொத்தமாக எடுங்கள், எடுத்த இடத்தில் கட்டிலிருந்து ஒரு கார்டு போடுங்கள். வேண்டாமென்றால் அதன் மேல் ஒரு கார்டு சேர்த்துவிட்டு அடுத்த குவியலுக்குப் போங்கள். மூன்றும் வேண்டாமென்றால் கட்டின் மேல் கார்டு உங்களுக்கு. தள்ளத் தள்ளக் குவியல் பெருகும். எப்போது தூக்குவது என்பதுதான் ஆட்டமே. கியூபுக்கு ஒரிஜினல் கார்டு இல்லையென்றால், வீட்டில் ஆட மட்டும், பெயரையும் மனாவையும் விளைவையும் பேப்பரில் எழுதி, பழைய சீட்டுக்கட்டின் மேல் வைத்து பிளாஸ்டிக் உறைக்குள் செருகிவிடுங்கள். வெறும் பேப்பரை உறைக்குள் போட்டால் கலைக்கும்போது மடங்கும், பின்பக்கமும் தெரியும்.